ஒரே ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபிக்கு எதை வாங்குவது?

கேள்வி: வீட்டில் இப்போது நான் ஒருத்திதான். காலையில் ஒரு டம்ளர், மூன்றரை மணிக்கு ஒரு டம்ளர், இரண்டும் ஸ்ட்ராங்காக இருக்க வேண்டும். நாலு பேர் குடித்த காலத்து ஃபில்டரில் ஒரு ஆளுக்குப் போட்டால் டிகாஷன் கழுநீர் மாதிரி இறங்குகிறது. டல்லாஸில் இருக்கும் மகள், அடுத்த மாதம் வரும்போது ஒரு கப் காபி மெஷின் வாங்கி வருகிறேன் என்கிறாள். பட்டனைத் தட்டினால் போதுமாம். வாங்கி வரச் சொல்லலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: வேண்டாம் என்று மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அம்மா. முதல் காரணம் காபி இல்லை, கரண்ட். அமெரிக்க வீடுகளில் வருவது 120 வோல்ட், நமக்கு 230. அங்கே வாங்கிய மெஷினுக்கு வெறும் பிளக் அடாப்டரை மாட்டி இங்கே போட்டால், முதல் காபி வருவதற்குள் மெஷின் கருகிவிடும். ஃபோன் சார்ஜர் மாதிரி இரண்டு ஊர் கரண்டுக்கும் ஒத்துப்போகிற சாமான் இல்லை இது. வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்தான். ஆனால் இந்த மெஷின்கள் 1,500 வாட் வரை இழுக்கும். அதைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரை அடுக்களை மேடையில் தூக்கி வைக்கவே இன்னொரு ஆள் வேண்டும்.

கரண்ட் ஒத்துப்போனாலும் அந்தக் காபி உங்களுக்குப் பிடிக்காது. அமெரிக்காவில் அதிகம் ஓடும் ஒரு கப் மெஷினில் போடுகிற குப்பியில் சுமார் 10 கிராம் தூள் இருக்கும். அதன் வழியாக 240 மில்லி வெந்நீர் இறங்கி ஒரு பெரிய மக் நிறையும். பால் விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருப்பவர்களுக்கான கணக்கு அது. நாம் பாலைப் பிரதானமாக வைத்து அதில் டிகாஷனை விடுகிறவர்கள். அந்த மக்கில் பாலையும் விட்டால் உங்கள் கழுநீரே தேவலை என்று ஆகிவிடும்.

ஸ்ட்ராங் என்பது மெஷினில் இல்லை. எவ்வளவு தூளுக்கு எவ்வளவு தண்ணீர், அந்தத் தண்ணீர் தூளோடு எவ்வளவு நேரம் இருந்தது, இவ்வளவுதான் விஷயம். உங்கள் பழைய ஃபில்டர் ஏன் மோசம் செய்கிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஒரு டம்ளருக்கு 15 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஃபில்டரில் அதைக் கொட்டினால் ஒரு சென்டிமீட்டர் உயரம்கூட நிற்காது. அந்த மெல்லிய படுகையைத் தண்ணீர் சட்டென்று கடந்து, நிறத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கீழே போய்விடும். போதாததற்கு, அவ்வளவு பெரிய பாத்திரம் இத்தனூண்டு வெந்நீரின் சூட்டையும் உறிஞ்சிவிடும். அதே 15 கிராமை ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஃபில்டரில் போட்டால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். தண்ணீர் அதற்குள் புகுந்து, ஊறி, சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியாக வேண்டும்.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது மெஷின் இல்லை, ஒரு குட்டி ஃபில்டர். பாத்திரக் கடையில் ஒரு கப், இரண்டு கப் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கு கடைக்குக் கடை மாறும், நம்ப வேண்டாம். மேல் பாத்திரம் மட்டும் சுமார் 120 மில்லி பிடிக்கிறதா என்று பாருங்கள். தூளும் தண்ணீரும் சேர்ந்து அதில் அடங்கிவிடும். அப்புறம் மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஓட்டைகள் ஊசிமுனை அளவில், எல்லாம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். பெரிய ஓட்டை என்றால் கப்பி இறங்கும். உள்ளே வைக்கும் குடை ஒரு பக்கம் சாயாமல் உட்கார வேண்டும். எவர்சில்வரே போதும். பித்தளை பார்க்க அழகுதான். ஆனால் அதைப் புளி போட்டுத் தேய்க்க யார் இருக்கிறார்கள்?

போடுவதில் ஒரு சின்ன ஒழுங்கு உண்டு. தூளைப் போட்டு, குடையால் லேசாக, சமமாக அமுக்குங்கள். கை பலத்தைக் காட்டினால் தண்ணீர் இறங்கவே இறங்காது. கொதித்து அடங்கிய தண்ணீரில் முதலில் இரண்டு ஸ்பூன் விட்டுத் தூளை நனைத்து, அரை நிமிடம் விடுங்கள். பிறகு மீதியை மெதுவாக ஊற்றுங்கள். மொத்தமே 75 மில்லிதான், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மிச்சம் 45 மில்லி போலக் கள்ளிச்சொட்டாக இறங்கும். பதினைந்து, இருபது நிமிடம் ஆகலாம். காலையில் அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ராத்திரியே ஊற்றி வைத்துவிடுங்கள். டிகாஷனை மட்டும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். பால் நன்றாகக் காய்ந்திருந்தால் ஆறின டிகாஷனே போதும். பால் 100 மில்லி, தண்ணீர் கலக்காத பால்.

ஓட்டை அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தைக் காயவைத்து, இடுக்கியால் பிடித்து, அடுப்புத் தணலில் ஒரு நிமிடம் காட்டுங்கள். அடைத்த தூள் கருகி உதிர்ந்துவிடும். நம் பாட்டிகள் செய்தது, இன்றைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது தூள். இருபது வருடமாகக் காபிக் கொட்டை வறுத்து அரைத்து விற்கிறேன். ஸ்ட்ராங்காக வேண்டும் என்று வந்து சிக்கரியைக் கூட்டச் சொல்கிறவர்கள்தான் அதிகம். சிக்கரி ஒரு செடியின் வேர். கறுப்பும் கசப்பும் கொழுகொழுப்பும் தரும், ஆனால் அதில் காஃபின் சுத்தமாகக் கிடையாது. சட்டம் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்க விடுகிறது. எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும், படித்துப் பாருங்கள். நீங்கள் 80க்கு 20 வாங்குங்கள். அந்த 20 வீண் இல்லை. சிக்கரி ஊறித் தண்ணீரைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துவதால் டிகாஷன் கெட்டியாகும். தலையில் ஏறுகிற மாதிரி வேண்டுமென்றால் கொட்டையை மாற்றச் சொல்லுங்கள். பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்று கடையில் சொல்லும் அரபிகா கொட்டைகள் இரண்டும் மணத்துக்கு. அதில் கால் பங்கு ரொபஸ்டா என்ற இன்னொரு வகைக் கொட்டையைச் சேர்த்தால் பிடி கிடைக்கும். அரபிகாவைவிட ரொபஸ்டாவில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்றரை மணிக் காபிக்குப் பிறகு ராத்திரி தூக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு சேருங்கள். தூளை மாவு மாதிரி நைஸாக அரைக்க விடாதீர்கள். உங்கள் கணக்குக்கு வாரம் 200 கிராம் ஆகும். அதற்கு மேல் வாங்கி வைத்தால் மணம்தான் போகும்.

இத்தனை சொல்லியும் உங்களுக்குக் காத்திருக்க முடியாது என்றால் ஒரு மோக்கா பாட் வாங்குங்கள். இத்தாலியில் 1933இல் பியலெட்டி கொண்டுவந்த அலுமினியக் கெட்டில் அது. அடியில் தண்ணீர், நடுவில் தூள். ஆவியின் அழுத்தத்தில் டிகாஷன் மேலே ஏறிவிடும், ஐந்து நிமிட வேலை. இதிலும் ஒரு கப் அளவுதான் வாங்க வேண்டும், ஏனென்றால் தூள் கிண்ணம் ஒவ்வொரு தடவையும் நிரம்பியே இருக்க வேண்டும். ஆனால் அமுக்கக் கூடாது. சிக்கரி கலந்த நைஸ் தூளைப் போட்டால் அடைத்துக்கொள்ளும், சுத்தக் காபியைக் கொஞ்சம் கரகரப்பாக அரைத்து வாங்குங்கள். ஒரு கப் பாட் கேஸ் அடுப்பின் கம்பிகளுக்கு நடுவே நிற்காது, மேலே வைக்க ஒரு சின்ன வலை ஸ்டாண்ட் வேண்டும். இண்டக்‌ஷனில் அலுமினியம் வேலைக்கே ஆகாது. நம் ஃபில்டரின் பதம் இதில் வராது, சற்றுக் காட்டமாக இருக்கும். சிலருக்கு அதுவே பிடித்துவிடுகிறது.

இந்தியாவிலேயே விற்கும் கேப்ஸ்யூல் மெஷின்களில் கரண்ட் தொல்லை இல்லை. ஆனால் ஒரு கேப்ஸ்யூலில் ஐந்தாறு கிராம் தூள்தான். நம் பாலுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அப்படியானால் உங்களுக்கு நாளைக்கு நான்கு. ஒன்றின் விலையைக் கேட்டு, மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 15 பார், 20 பார் அழுத்தம் என்று பெட்டியில் அச்சடித்த எஸ்பிரெஸ்ஸோ மெஷின்களும் வேண்டாம். எஸ்பிரெஸ்ஸோவுக்குத் தேவை 9 பார்தான், மீதி பம்பின் பெருமை. ஒரு டம்ளருக்காகத் தினமும் அத்தனை பாகங்களைக் கழற்றிக் கழுவ வேண்டும். தூளை வெந்நீரில் ஊறவைத்து வலையை அமுக்கி வடிக்கிற பிரெஞ்ச் பிரஸ் நீங்கள் கேட்கிற ஸ்ட்ராங்கைத் தராது.

பழைய ஃபில்டரைப் பாத்திரக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த மாதம் மகள் குடும்பத்தோடு வந்து நாலு டம்ளர் கலக்கும்போது அதில் 60 கிராம் தூள் போடுங்கள், அது பழையபடி வேலை செய்யும்.