500 கிராமுக்குள் நல்ல பிரிட்ஜ் ஹேமக் கிடைக்குமா?

"தரையில் படுத்தால் முதுகு வலிக்கிறது, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் சாதாரணத் தொங்கு படுக்கையில் (ஹேமக்) படுத்தால் முட்டி வலிக்கிறது. முகாம் போக பிரிட்ஜ் ஹேமக் வாங்கலாம் என்றிருக்கிறேன், 500 கிராமைத் தாண்டக் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 500 என்ற எண்ணைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் இதே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பிறகு விழுந்தேன்.

உங்களுக்கு நாற்பது தாண்டியிருக்கும், பகல் முழுக்க நாற்காலி, வாரக்கடைசியில் மட்டும் காடு என்று எடுத்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வயதுக்காரர் முட்டி வலியைப் பற்றிக் கேள்வி எழுத மாட்டார். நான் அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கிறேன். வயது 47, எடை 82 கிலோ. அமெரிக்காவின் நெடுந்தூர நடைபாதையான அப்பலாச்சியன் பாதையில் ஜார்ஜியா மாநிலப் பகுதியை மட்டும் துண்டு துண்டாக நடந்து முடித்தவன். மெய்ன் மாநிலம் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் பாதையில் இது 125 கிலோமீட்டர்தான். ஆகவே நிபுணர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது அடிபட்டவனின் பதில்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். வழக்கமான ஹேமக்கில் துணியின் இரு முனைகளையும் சுருக்கிக் கட்டியிருப்பார்கள். அதில் நேராகப் படுத்தால் உடம்பு வாழைப்பழம் போல வளையும். குறுக்காகச் சாய்ந்து படுத்தால் ஓரளவு மட்டமாகும். ஆனால் துணியில் ஒரு மடிப்பு எழும்பிக் கெண்டைக்காலை அழுத்தும், முட்டி பின்பக்கம் இழுபட்டபடியே விடியும். உங்கள் முட்டி வலிக்கு இதுதான் காரணமாக இருக்கும். பிரிட்ஜ் ஹேமக்கில் துணியின் நீள ஓரங்கள் இரண்டையும் உட்பக்கமாக வில் போல வெட்டி, ஓரத்தோடு நாடா வைத்துத் தைத்திருப்பார்கள். தொங்கு பாலத்தின் பெரிய வடம் வளைந்து தொங்கிச் சாலையை மட்டமாகத் தாங்குகிறது அல்லவா, அதே வேலையை அந்த நாடா செய்கிறது. தலைமாட்டில் ஒரு கம்பும் கால்மாட்டில் ஒரு கம்பும் குறுக்கே நின்று துணியை விரித்துப் பிடிக்கும். கட்டிலில் படுப்பது போல நேராகக் காலை நீட்டலாம். இந்த வகையில் முதலில் பெயர் வாங்கியவற்றில் ஒன்றுக்குப் பேர் மவுன்டன் பிரிட்ஜ் ஹேமக் என்றே பெயர். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றின் மேல் 1924இல் திறந்த தொங்கு பாலம் பேர் மவுன்டன் பாலம். அப்பலாச்சியன் பாதை நடப்பவர்கள் அந்தப் பாலத்தின் மேலேதான் ஆற்றைக் கடக்கிறார்கள்.

இனி என் கதை. நான் வாங்கியது பெரிய நிறுவனத்தின் பொருள் அல்ல. தனியாளாகத் தைத்து விற்கும் ஒருவரிடம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 480 கிராம் என்றிருந்தது. கீழே பொடி எழுத்தில் கம்புகள் தனி, 370 கிராம். அதற்கும் கீழே, நடக்கும்போது ஊன்றும் ட்ரெக்கிங் கோல்களையே கம்பாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அந்த வரியில்தான் நான் மயங்கினேன். கோல் எப்படியும் கையில் வருகிறது, எதற்கு 370 கிராமைக் கூடுதலாகச் சுமப்பது என்று கணக்குப் போட்டேன். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டி எடை குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் கடைசி வாரம். அமிக்கலோலா அருவியின் 604 படிகளை ஏறி, ஸ்பிரிங்கர் மலை உச்சிக்குப் போனேன். 1,153 மீட்டர் உயரம், பாதையின் தென்முனை. கூடாரங்கள் போடும் இடத்தில் இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே கட்டினேன். கோல்களை வேண்டிய நீளத்துக்கு இழுத்து நெம்புப் பூட்டை அழுத்தி மூடினேன். படுத்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, சொர்க்கமாக இருந்தது. ஆறு மாதமாக முறைத்துக்கொண்டிருந்த முதுகு அன்றைக்குத்தான் என்னோடு சமாதானம் பேசியது.

நள்ளிரவுக்குப் பிறகு தூறல். அந்த நேரத்தில் ஒரு கனவு: யாரோ என்னைத் துணியில் சுற்றிப் பொட்டலம் கட்டுகிறார்கள். விழித்தால் பாதி உண்மை. தலைமாட்டுக் கோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள்ளேயே நழுவிச் சுருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தோளும் முன்னால் மடங்கிவிட்டன, கை இரண்டும் மார்பின் மேல். ஜிப்பைத் தேடக் கையை உருவினேன். அந்த அசைவில் கோலின் முனை வளையத்திலிருந்து கழன்றது. ஹேமக் ஒரு பக்கம் புரண்டது, நான் கொசுவலையோடு சேர்ந்து தரைக்கு வந்தேன். விழுந்த உயரம் ஒன்றரை அடி. இடுப்பில் ஒரு வேர் பட்டது. அந்த நீலம் மறைய மூன்று வாரம் ஆனது.

சத்தம் கேட்டுத் தலைவிளக்கோடு ஒரு பையன் வந்தான். மெய்னில் தொடங்கித் தெற்கு நோக்கி நடந்து, மறுநாள் காலையில் முடிக்கப்போகிறவன். தாடி மார்பு வரை. என்னையும் கோலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது கடைசி இரவு. உங்களுக்கு முதல் இரவா?" என்று கேட்டான். தமிழில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று அவனுக்கு விளக்கும் நிலையில் நான் இல்லை. போர்வையைத் தூக்கிக்கொண்டு மரக்குடிலுக்குப் போய், குறட்டைக்காரர்கள் இருவருக்கு நடுவே பலகையில் விடியும்வரை கிடந்தேன்.

காலையில் கோலை வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்புப் பூச்சின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளிக் கோடு. அவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது. பூட்டு உடையவில்லை, மூடியபடியேதான் இருந்தது. தூறலின் ஈரமோ, நான் திருகாணியை முறுக்காமல் விட்டதோ தெரியாது. நடக்கும்போது கையால் அழுத்துகிற பாரத்துக்காகச் செய்த பூட்டை, இரவெல்லாம் விடாமல் நெருக்கும் வேலையில் நிறுத்தினால் அது என்ன செய்யும்?

மனைவியிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் போனில் உளறிவிட்டேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "தூளிக்கு நீட்டி மடக்குகிற கம்பையா வைப்பார்கள்? உனக்கு வைத்தது பூவரசங் கம்பு, நீ உதைத்த உதைக்கு அசையவில்லையே" என்றார். அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் சேலையில் தூளி கட்டி, துணி குழந்தையின் முகத்தை மூடாமலிருக்கக் குறுக்கே ஒரு தொட்டில் கம்பு செருகுவார்களே, அதுதான் இது. அந்தக் கம்புக்குத் தலைமாடு, கால்மாடு என்று இரண்டு பிறந்து, அலுமினியத்துக்கு மாறி, டாலரில் விலை போகிறது.

இந்த இடத்தில் சிலர் வந்து, ட்ரெக்கிங் கோலை வைத்தே ஆண்டுக்கணக்காகத் தூங்குகிறேன், உனக்குக் கட்டத் தெரியவில்லை என்பார்கள். இருக்கலாம். அவர்களில் பலர் 60 கிலோ ஆட்கள். நழுவாதபடி கோலுக்குள் தனிக் குழாய் செருகுபவர்களும் உண்டு. நான் வேண்டாம் என்று சொல்வது 80 கிலோவும் முதுகுவலியும் உள்ளவர்களுக்கு. இன்னொரு வகையினர், இதெல்லாம் பணக்கொழுப்பு, பாயை விரித்துப் படு என்பார்கள். அவர்கள் முதுகு வாழ்க.

வாங்கும்போது துணியின் எடையைத் தனியாகப் பார்க்காதீர்கள். துணி, இரண்டு கம்பு, மரத்தில் சுற்றும் பட்டை, தார்ப்பாய், குளிருக்கு அடியில் போடுவது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தராசில் வையுங்கள். 500 கிராமுக்குள் துணி கிடைக்கும்; படுக்கை கிடைக்காது. பரவலாகப் பேசப்படும் வார்பானெட் நிறுவனத்தின் ரிட்ஜ்ரன்னர் ஹேமக் கூட, கம்போடு சேர்த்தால் ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். கம்பு நழுவும் மூட்டு இல்லாததாக இருக்கட்டும். இரண்டு துண்டாக வந்தால் ஒன்றுக்குள் ஒன்று செருகி முட்டி நிற்கும் வகை நல்லது. தலைமாட்டுக் கம்பின் நீளத்தையும் பாருங்கள். என்னுடையது இப்போது 90 சென்டிமீட்டர், தோள் நெருக்கவில்லை. இதைக் குறைத்து எடை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு, அகன்ற தோள்காரர்கள் அதில் ஏமாறுவார்கள்.

தார்ப்பாய் விஷயத்தையும் யாரும் சொல்வதில்லை. சாதாரண ஹேமக்குக்கு வெட்டிய குறுகிய தார்ப்பாய் இதற்கு ஆகாது. கம்பின் முனைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தார்ப்பாயை உட்புறம் தொடும், காற்றில் உரசும், அந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். ஸ்பிரிங்கரில் நான் விழாமலிருந்திருந்தாலும் நனைந்திருப்பேன். அகலத் தார்ப்பாய் என்றால் இன்னும் நூறு இருநூறு கிராம். குளிர் விஷயத்தில் மட்டும் இந்த வகை உங்கள் பக்கம். தூக்கப்பை உடம்புக்கு அடியில் நசுங்கிவிட்டால் சூடு தராது என்பதால் எந்த ஹேமக்கிலும் அடியில் ஏதாவது வேண்டும். இதில் படுக்குமிடம் மட்டமாக இருப்பதால், தரையில் போடும் காற்று மெத்தையே நகராமல் கிடக்கும். ஏற்கெனவே வைத்திருந்தால் அடிப்போர்வைச் செலவு மிச்சம்.

கட்டும் கோணம் முக்கியம். பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், ஒவ்வொரு மரமும் உங்கள் முழு எடையைத் தாங்கும். எனக்கு 82 கிலோ. விறைப்பாக இருக்கட்டும் என்று 15 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் அதுவே 158 கிலோ. கம்பின் மேல் விழும் நெருக்கலும் அதோடு இரட்டிக்கும். ஸ்பிரிங்கரில் நான் எத்தனை டிகிரியில் கட்டினேன் என்று கேட்காதீர்கள்.

வீட்டில் இரண்டு இரவு படுத்துப் பழகிவிட்டுக் காட்டுக்குப் போங்கள். சாதாரண ஹேமக்கை விட இது அதிகமாக ஆடும். பரிசலில் கால் வைப்பது போல நடுவில் உட்கார்ந்து பிறகு சாய வேண்டும். நானும் பழகத்தான் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு மேப்பிள் மரங்களில் கட்டிய மூன்றாம் நாள், எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து புகைப்படத்தோடு கடிதம் வந்தது. மரத்தில் எதையும் தொங்கவிடக் கூடாதாம். அந்தப் படத்தின் ஓரத்தில் கொடியில் காய்ந்த என் வேட்டியும் தெரிந்ததால் அதற்கு இன்னொரு கடிதம். வெயில் சும்மா வந்து விழுகிறது. அதை விட்டுவிட்டு மின்சார உலர்த்தியில் போட்டு வேட்டிக் கரையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஈரத்துணி கண்ணில் பட்டால் தெருவில் வீட்டு விலை விழுந்துவிடுமாம்! வாசலில் ஹாலோவீன் பண்டிகைக்குப் பத்தடி உயரத்துக்குப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு நிற்கலாம், எட்டு முழ வேட்டி தொங்கக் கூடாது. இதற்கு மாதாமாதம் பணம் வேறு கட்டுகிறேன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

இப்போது நான் வைத்திருப்பது துணி 620 கிராம், அலுமினியக் கம்புகள் 360. தார்ப்பாயும் பட்டைகளும் சேர்ந்து மொத்தம் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுகிறது. ஈடுகட்ட இரண்டாவது பாத்திரத்தையும் மடக்கு நாற்காலியையும் வீட்டில் விட்டுவிட்டேன். பிரஷ்ஷுக்கு முழுக் காம்பு உண்டு.

மாதிரியின் பெயரையே கேட்டால் சொல்லத் தயார். ஆனால் ஹேமக்கின் எடையைக் கிராம் கணக்கில் எழுதிய நீங்கள், உங்கள் எடையையும் தோள் அகலத்தையும் எழுதவில்லை. அவற்றைப் பின்னூட்டத்தில் போடுங்கள்.