அவர் அலறுகிறார், நான் பிடிக்கிறேன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவருக்கு எட்டுக்கால் பூச்சி என்றால் உயிரே போய்விடும். மழைக்கு முன் உள்ளங்கை அகலத்தில் ஒன்று சுவரில் வந்து உட்காரும். அவர் போடும் கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து விளக்குப் போடுகிறார். பூச்சி மருந்தை டப்பா காலியாகும்வரை அடிக்கிறார். கடைசியில் நான்தான் பிடிக்கவேண்டும். மாமியாரும் பிள்ளைகளும் அவரைக் கேலி செய்கிறார்கள். இதற்கு வழி உண்டா?
— வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: நீங்கள் சொல்வது மழைச் சிலந்தி, இங்கே எல்லாரும் ரெயின் ஸ்பைடர் என்பது. கால் விரித்தால் 11 செ.மீ. வரை வரும். வலை பின்னாது, இரவில் அலைந்து பூச்சியையும் சின்னப் பல்லியையும் பிடித்துத் தின்னும். சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கி மிரட்டும். கடித்தாலும் தேனீ கொட்டிய அளவு வலிதான்.

மருந்து அடிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய சிலந்தி அதில் உடனே சாகாது. வெறி பிடித்ததுபோல் ஓடும், சுவரிலிருந்து பொத்தென்று விழும். "என்மேல்தான் பாய்ந்தது" என்று அவர் சத்தியம் செய்வதற்குப் பாதிக் காரணம் அந்த மருந்துதான்.

பிடிப்பதற்குக் கண்ணாடி டம்ளர் பற்றாது, கால் மாட்டிக்கொள்ளும். 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா போதும், அடி தெரியும்படி ஒளி ஊடுருவுகிற டப்பா கிடைத்தால் இன்னும் நல்லது. மெதுவாகக் கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிக் கவிழ்த்து, கெட்டியான ஃபைல் அட்டையைக் கீழிருந்து விரல் விரலாக நுழைக்கவேண்டும். கால் நசுங்குவதுபோல் இருந்தால் அட்டையை ஒரு நொடி நிறுத்தினால் தானே காலை இழுத்துக்கொள்ளும். தோட்டத்தில் அடர்ந்த செடியருகே விட்டுவிடலாம். இலைகளைச் சேர்த்துக் கட்டிய முட்டைக்கூட்டை மட்டும் தொடாதீர்கள். தாய் அதைக் காவல் காக்கும், அப்போது கடிக்கவும் செய்யும்.

இனி உங்கள் பக்கம். பார்த்தவுடன் தூக்கிவாரிப் போடுவது அவர் கையில் இல்லை, அதைக் கேலி செய்து பயனில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடப்பதை வீடு முழுக்கச் சேர்ந்துதான் வளர்க்கிறது. அவர் கத்துகிறார், ஓடுகிறார், நீங்கள் பிடிக்கிறீர்கள், அவருக்கு நிம்மதி. "நான் ஓடியதால்தான் தப்பித்தேன்" என்று அவர் உடம்பு ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறது. எங்களைக் கேட்டால் கேலியைவிட உங்கள் உதவிதான் இந்தப் பயத்துக்கு அதிகத் தீனி போடுகிறது. படுக்குமுன் அறையை அவருக்காகச் சோதித்துக் கொடுப்பதும் இதில் சேர்த்தி.

உதவியை ஒரேயடியாக நிறுத்தினால் சண்டைதான் வரும். படிப்படியாகக் குறையுங்கள். முதல் வாரம் நீங்கள் பிடிக்கும்போது அவர் கதவோரம் நின்று பார்க்கட்டும். அடுத்து அட்டையை எடுத்துக் கொடுக்கட்டும். பிறகு டப்பாவை நீங்கள் பிடிக்க, அட்டையை அவர் நுழைக்கட்டும்.

சிலந்தி வராத நாட்களிலும் பயிற்சி வேண்டும். கோட்டுப் படம், ஃபோனில் நிழற்படம், வீடியோ, மூடிய ஜாடியில் ஒரு சின்ன நெட்டைக்கால் சிலந்தி 3 மீட்டர் தள்ளி, பிறகு 1 மீட்டரில், பிறகு ஜாடியைக் கையில் வாங்குவது என்று ஏறவேண்டும். ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு 0 முதல் 10 வரை அவரே மதிப்பெண் போடட்டும். 8 என்று தொடங்கினால் 4 ஆகும்வரை இடத்தைவிட்டு நகரக்கூடாது. அரை மணி ஆனாலும் ஆகட்டும். பலர் தோற்பது இங்கேதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து போய்விடுவார்கள், அடுத்த முறை 9-இல் தொடங்கும். "ஒண்ணும் செய்யாதுங்க" என்று நீங்கள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பதும் கெடுதல். அவர் உங்கள் குரலைத்தான் நம்பிக்கொண்டிருப்பார். ரப்பர் சிலந்தியைத் தலையணையில் போட்டு வைக்கிற பிள்ளை இருந்தால் முதலில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு விளையாட்டில் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

ஆறு மாதத்துக்கு மேலாக, அந்த அறையிலேயே படுக்கமாட்டேன், தோட்டப் பக்கமே போகமாட்டேன் என்கிற அளவுக்கு இருந்தால் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போங்கள். ஸ்வீடனின் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1989-இல் வெளியிட்ட முறையில் இதே ஏணியை ஒரே அமர்வில், அதிகம் போனால் 3 மணி நேரத்தில் ஏற்றிவிடுவார்கள். "ஒரே அமர்வு சிகிச்சை தெரியுமா?" என்று கேட்டுவிட்டே நாள் குறியுங்கள்.

கேள்வி: என் மனைவி எதற்கெடுத்தாலும் திடுக்கிடுகிறாள். குக்கர் விசில், கதவுச் சத்தம், பின்னால் நான் வந்து நின்றால்கூட. போன வாரம் எண்ணெய்ச் சட்டியைத் தட்டிவிடப் பார்த்தாள்.
— வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: எப்போதிலிருந்து என்று நீங்கள் எழுதவில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படியென்றால் சுபாவம். வாசலிலேயே குரல் கொடுத்துவிட்டு உள்ளே வாருங்கள், தோளைத் தொட்டுக் கூப்பிடாதீர்கள், சட்டியின் கைப்பிடியை உள்பக்கம் திருப்பி வையுங்கள். தூக்கம் குறைந்தாலும் காப்பி கூடினாலும் திடுக்கிடல் கூடும்.

திடீரென்று தொடங்கியதென்றால் கதை வேறு. வீட்டில் திருடர் புகுந்தது, காரை வழிமறித்துப் பிடுங்கியது போன்ற சம்பவத்துக்குப் பிறகு கெட்ட கனவும் தூக்கமின்மையும் சேர்ந்து ஒரு மாதத்தைத் தாண்டினால் அதை "பயந்தாங்கொள்ளித்தனம்" என்று ஒதுக்காமல் டாக்டரிடம் காட்டவேண்டும். கை நடுக்கம், படபடப்பு, எடை குறைவு இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

கேள்வி: கார் ஓட்டும்போது சிலந்தி மடியில் விழுந்தால்? என் மனைவி என்-2 நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கையே விட்டுவிட்டாள்.
— வாசகர், வெருலம்

பதில்: சிலந்தியைத் தட்ட முயல்வதால்தான் வண்டி தடம் மாறும். வண்டி நிற்கும் நேரத்தில் இதை நான்கைந்து முறை ஒத்திகை பாருங்கள்: இரண்டு கையும் ஸ்டியரிங்கில், காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுப்பது, ஹஸார்டு விளக்கு, கண்ணாடி பார்த்து மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒதுங்குவது, ஹேண்ட்பிரேக், பிறகு இறங்குவது. இறங்கும் கதவு போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவாக இருக்கட்டும். மரத்தடியில் நிறுத்தினால் ஜன்னலை முழுக்க ஏற்றுங்கள். கிளம்புமுன் சன் வைஸரை இறக்கிப் பாருங்கள். சிலந்திகள் ஒளியும் இடங்களில் அதுவும் ஒன்று.