சூதுபவளத்தில் ஓடும் துளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிந்துவெளி மணிமாலை ஒன்றின் படம் பார்த்தேன். விரல் நீளச் சிவப்புக் கல்லில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெல்லிய துளை. இரும்பே இல்லாத காலத்தில் எதனால் துளைத்தார்கள்? வைர ஊசி என்கிறார் நண்பர். சரியா?

ச.

அன்புள்ள ச.,

வைரம் இல்லை. நீங்கள் பார்த்த சிவப்புக் கல் சூதுபவளம் (கார்னீலியன்). கல்லைக் கல்லால்தான் துளைத்தார்கள். 1935-36இல் சிந்துவெளி ஊரான சன்ஹுதாரோவை அகழ்ந்த தொல்லியலாளர் எர்னஸ்ட் மக்கே, அங்கே மணிப் பட்டறையையும் துளையூசிகளையும் கண்டார். ஊசி செய்த அந்தப் பச்சை கலந்த பழுப்புக் கல்லுக்குப் பிற்பாடு அவர் பெயரால் எர்னஸ்டைட் என்று பெயரிட்டார்கள்.

ஊசியின் வடிவத்தில்தான் சூட்சுமம். நுனி சற்றுப் பருத்திருக்கும், இடை ஒடுங்கியிருக்கும். நெடுக ஒரே பருமனாக இருந்தால், ஆழம் போகப் போக ஊசியின் உடல் துளைச்சுவரில் உரசும், சூடேறும், இறுகிக்கொள்ளும், மணி பிளந்துவிடும். இடை ஒடுங்கியதால் நுனி மட்டுமே அரைக்கிறது. எத்தனை மணிகளை உடைத்த பிறகு இந்த வடிவம் கைக்கு வந்திருக்கும்!

துளைக்கு முந்தைய வேலையும் லேசானதல்ல. கல்லை முதலில் மெதுவாகச் சூடாக்க வேண்டும். உள்ளிருக்கும் இரும்புச் சேர்மம் நிறம் மாறிக் கல் சிவக்கும், செதுக்கவும் வாகாகும். அவசரப்பட்டால் உள்ளே தங்கிய ஈரம் கல்லை வெடிக்க வைக்கும். பிறகு கொத்தி, தேய்த்து, உருவம் வந்ததும் துளை. கடைசி மெருகு அதற்கும் பிறகுதான்.

மணியை மரப்பிடியில் இறுக்கி, வில்லால் ஊசியைச் சுழற்றி, தண்ணீர் சொட்டவிட்டபடி துளைப்பார்கள். ஒரே பக்கமாகத் துளைத்தால் ஊசி வெளியே வரும் இடத்தில் சில்லு தெறிக்கும். அதனால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். தொல்லியலாளர் மார்க் கெனோயர் செய்து பார்த்த கணக்கில் ஒரு மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டர் ஆழம்தான் துளைக்க முடியும். 6 சென்டிமீட்டர் நீள மணி ஒன்றுக்குத் துளை மட்டும் 24 மணி நேரம். கராச்சிக்கு அருகே அல்லாதினோவில் கிடைத்த 36 நீள மணிகள் கொண்ட இடைக்கச்சைக்கு 480 வேலைநாளுக்கு மேல் என்கிறார் அவர். இவ்வகை மணிகள் மெசபடோமியாவின் (இன்றைய இராக்) ‘ஊர்’ (Ur) என்ற நகரத்து அரச கல்லறைகள் வரை போனதில் வியப்பில்லை. வாங்க வசதியில்லாதவர்கள் சுடுமண்ணில் அதே வடிவம் செய்து சிவப்புப் பூசி அணிந்தார்கள். அந்த மணிகளும் கிடைத்திருக்கின்றன.

அருங்காட்சியகத்தில் நீள மணியைப் பார்க்க வாய்த்தால், பின்னாலிருந்து வெளிச்சம் விழும் பக்கமாக நின்று நடுப்பகுதியைக் கவனியுங்கள். இரு துளைகளும் சந்திக்கும் இடத்தில் கோடு மயிரிழை விலகியிருக்கலாம்.