பிரைம், வால்மார்ட் பிளஸ், காஸ்ட்கோ: முதல் வருஷத்தில் எது வேண்டும்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். கணவன் மனைவி இரண்டு பேர், டெக்சாஸில் இர்விங்குக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கார் இன்னும் வாங்கவில்லை, டிரைவிங் டெஸ்ட் பாக்கி. ஆபீஸில் ஒருவர் பிரைம், அதாவது அமேசானின் டெலிவரி மெம்பர்ஷிப், இல்லாமல் இந்த ஊரில் குடித்தனமே நடத்த முடியாது என்கிறார். இன்னொருவர் மொத்தமாகச் சாமான் விற்கும் காஸ்ட்கோ கடையின் மெம்பர் கார்டு இருந்தால் போதும் என்கிறார். உங்கள் மனைவியின் தோழி வால்மார்ட் கடையின் டெலிவரி மெம்பர்ஷிப்பான வால்மார்ட் பிளஸ் எடுக்கச் சொல்கிறார். பிரைம் 139, காஸ்ட்கோ 65, வால்மார்ட் பிளஸ் 98 என்று கூட்டினால் வருஷத்துக்கு 302 டாலர் வருகிறது. "எல்லாமே வேணுமாக்கா? விலை வேற ஏத்திக்கிட்டே போறாங்களாமே?" என்று கேட்டிருந்தீர்கள்.

மூன்றும் வேண்டாம். கார் வருகிறவரைக்கும் ஒன்று, கார் வந்த பிறகு வேறொன்று. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் கையில் இருக்க வேண்டிய அவசியம் இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊரில் பிரைமுக்கு வருஷம் 1,499 ரூபாய் கட்டிப் பழகியவர்களுக்கு இங்கே 139 டாலர் என்றதும் பகீர் என்றுதான் இருக்கும். ரூபாயாக மாற்றினால் எட்டு மடங்கு. ஆனால் சம்பளம் டாலரில் வரும்போது அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எதையுமே வாங்க முடியாது, முதல் சில மாதங்களில் அது தானாக விட்டுப்போகும். இதில் எனக்குக் கவலை வேறு. ரூபாய்க் கணக்கை விட்டதும் பலர் எந்தக் கணக்கும் பார்ப்பதில்லை. மாதம் 14.99 தானே, இரண்டு காபிக் காசு என்று போய்விடுகிறது. அதையே பன்னிரண்டு மாதம் கட்டினால் 180 டாலர். அப்புறம் ஒரு விஷயம், ஊரில் எடுத்த பிரைம் இங்கே டெலிவரிக்கு உதவாது. அம்மா அப்பாவுக்கு அங்கே சாமான் அனுப்புவதற்கு வேண்டுமானால் அதை அப்படியே வைத்திருங்கள்.

விலை ஏறுவது உண்மைதான். 2005-ல் பிரைம் தொடங்கும்போது வருஷத்துக்கு 79 டாலர். நான் இங்கே வந்த காலத்திலும் அதே விலைதான். 2014-ல் 99, 2018-ல் 119, 2022-ல் 139. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை இருபது டாலர் என்று ஒரு வழக்கமே வைத்திருக்கிறார்கள். காஸ்ட்கோ ஏழு வருஷம் பொறுத்திருந்து 2024 செப்டம்பரில் சாதாரண கார்டை 60-லிருந்து 65 ஆகவும், கூடுதல் சலுகை உள்ள எக்சிகியூட்டிவ் கார்டை 120-லிருந்து 130 ஆகவும் ஏற்றியது. வால்மார்ட் பிளஸ் 2020-ல் 98 டாலருக்கு வந்தது, இதை எழுதும்போதும் அதே விலைதான்.

ஆனால் இந்த இருபது டாலர் ஏற்றத்தைப் பார்த்துக் கோபப்படுவதில் பிரயோஜனம் இல்லை. அது கண்ணுக்குத் தெரிகிறது, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். விலையைத் தொடாமல் கொடுப்பதைக் குறைப்பது இருக்கிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும். பிரைம் வீடியோவில் முன்பு விளம்பரம் கிடையாது. 2024 ஜனவரி கடைசியிலிருந்து விளம்பரம் வருகிறது, அது வேண்டாம் என்றால் மாதம் 2.99 தனி என்று அப்போது சொன்னார்கள். அமேசானுக்குச் சொந்தமான ஹோல் ஃபுட்ஸ் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் மளிகைக்கு 2021 வரை பிரைம்காரர்களிடம் டெலிவரிக் காசு வாங்கவில்லை, அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 9.95 என்றார்கள். வேறு முகவரியில் இருக்கிற உறவுக்காரர்கள் டெலிவரிச் சலுகையைப் பகிர்ந்துகொள்ள ஒரு பழைய வழி இருந்தது, 2025 அக்டோபரோடு அதையும் மூடிவிட்டார்கள். ஆக, 2022-லிருந்து 139-லேயே நிற்கிறது என்று சொல்வதில் பாதிதான் உண்மை.

உங்கள் பெரியம்மா பெண் பக்கத்து ஊரான பிளேனோவில் இருக்கிறார், அவர் பிரைமிலேயே ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கும் இதுவே பதில். இப்போது ஒரே முகவரியில் இருக்கும் குடும்பத்துக்குத்தான் பகிர்வு. காஸ்ட்கோவிலும் இரண்டாவது கார்டு இலவசம், ஆனால் அதே வீட்டில் இருப்பவருக்குத்தான். ஒரு ஆறுதல், கார்டு வைத்திருப்பவர் தன்னோடு இரண்டு பேரைக் கூட்டிப் போகலாம், பில்லை மட்டும் அவர்தான் கட்ட வேண்டும். சனிக்கிழமை உங்கள் பிளேனோ அக்கா போகும்போது நீங்களும் தொற்றிக்கொண்டு போய், உங்கள் பங்கை அவருக்கு அனுப்பிவிடுங்கள். முதல் வருஷத்தில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் போனோம்.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருவோம். கார் இல்லாத வீட்டில் முதல் இரண்டு மாதம் வாங்குவது வேறு மாதிரி. ஷவர் கர்ட்டன், பக்கெட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஊரிலிருந்து கொண்டுவந்த சார்ஜருக்கு அடாப்டர், ஹேங்கர், குப்பைத்தொட்டி என்று எட்டு டாலர், பன்னிரண்டு டாலர் சாமான்களாக இருக்கும். தனித்தனியாகத் தேவை தெரியும், தனித்தனியாக ஆர்டர் போடுவீர்கள். மெம்பர்ஷிப் இல்லாமல் எட்டு டாலர் சாமானுக்கு ஆறு ஏழு டாலர் டெலிவரி கட்டினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அந்த இரண்டு மாதத்துக்குப் பிரைம் சரி. முதல் 30 நாள் இலவசம், அடுத்த மாதத்துக்கு 14.99. வருஷத் திட்டம் வேண்டாம். வருஷத் திட்டத்தில் 41 டாலர் மிச்சம் என்று திரையில் காட்டுவார்கள், அது பன்னிரண்டு மாதமும் உங்களுக்குத் தேவைப்பட்டால்தான் மிச்சம்.

வீடு செட்டான பிறகு நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிரைம் இல்லாமலும் 35 டாலருக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்தான், நாலைந்து நாள் கூட ஆகும், அவ்வளவுதான். வேண்டியதைக் கூடையில் போட்டு வையுங்கள், 35 வந்ததும் ஆர்டர் போடுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 35 சேருவதற்குள் கூடையில் இருப்பதில் பாதியை நீங்களே எடுத்துவிடுவீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அவசியம் என்று தோன்றிய பூண்டு உரிக்கும் கருவி புதன்கிழமைக்குள் அவசியமில்லாமல் போயிருக்கும். பிரைம் இருந்தால் அது வியாழக்கிழமை வாசலில் கிடக்கும். மெம்பர்ஷிப்பின் உண்மையான செலவு 139 இல்லை, இப்படி வந்து சேருகிற சாமான்தான் என்பது என் அபிப்பிராயம். கட்டிய காசுக்கு வாங்கித்தானே ஆகணும் என்ற எண்ணம் நம்மவர்களுக்கு ரொம்பவே உண்டு, அமேசானுக்கும் அது நன்றாகத் தெரியும்.

நிறுத்துவது பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் அமேசான் மீது வழக்குப் போட்டது, ஜனங்களைத் தெரியாமல் சேர்த்துவிடுகிறார்கள், வெளியே போவதைக் கஷ்டமாக்குகிறார்கள் என்று. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, தவறை ஒப்புக்கொள்ளாமலே. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. அதனால் இப்போது வெளியேறுவது முன்னைவிடச் சுலபம். இருந்தாலும் இலவச மாதத்தில் சேர்ந்த அன்றைக்கே போனில் ஒரு ரிமைண்டர் போட்டுவிடுங்கள். நாள் தாண்டிக் காசு எடுத்துவிட்டார்கள் என்றாலும் பதற வேண்டாம், அந்தத் தவணையில் எந்தச் சலுகையையும் பயன்படுத்தவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பும்.

உங்கள் மனைவி இங்கே படிக்கச் சேரும் எண்ணம் இருக்கிறது என்று சொன்னீர்கள். அப்படியானால் பொறுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஆறு மாதம் இலவசம், பிறகு பாதி விலை, வருஷத்துக்கு 69. ஆனால் ஒரே வீடாக இருந்தாலும் மாணவர் பிரைமை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள முடியாது.

மளிகைக்குக் கார் வரும்வரை வால்மார்ட். பிரைமை நிறுத்தியதும் வேண்டுமானால் வால்மார்ட் பிளஸ் மாதக் கணக்கில், 12.95. கடை விலையிலேயே பால், முட்டை, வெங்காயம் வீட்டுக்கு வரும், 35 டாலருக்கு மேல் டெலிவரிக் காசு இல்லை. ஆனால் கொண்டுவருபவருக்கு டிப்ஸ் தனி. வாரத்துக்கு ஐந்து டாலர் கொடுத்தாலும் மாதம் இருபது, ஆக இலவச டெலிவரிக்கு மாதம் 33 டாலர் செலவு. கொடுக்காமல் விடாதீர்கள், மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் கேஸ் தூக்கி வருகிற வேலை அது. இன்னொன்று, டெலிவரி நேரத்தை ஆபீஸ் விட்டு வந்த பிறகு வையுங்கள். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் வாசலில் ஒரு மணி நேரம் கிடந்த பால் காப்பிக்குக்கூட ஆகாது. கார் வந்துவிட்டால் இந்த மெம்பர்ஷிப்புக்கே வேலை இல்லை. ஆப்பில் ஆர்டர் போட்டு, கடை வாசலில் போய் நின்றால் அவர்களே டிக்கியில் வைத்துவிடுவார்கள், 35 டாலருக்கு மேல் என்றால் அது எல்லோருக்கும் இலவசம்.

காஸ்ட்கோ, கார் வந்த பிறகு. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்கவில்லை. காரணம் அந்தக் கடையின் பிழைப்பு நடக்கும் விதம். சாமான் மேல் 14, 15 சதவீதத்துக்கு மேல் லாபம் வைப்பதில்லை என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், அவர்கள் லாபத்தில் பெரும்பங்கு நாம் கட்டுகிற கார்டுக் காசிலிருந்து வருகிறது. அதனால் பொருளின் விலையில் நம்மை ஏமாற்ற வேண்டிய தேவை அவர்களுக்குக் குறைவு. கார்டு திருப்தி இல்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் முழுக் காசையும் திருப்பித் தருகிறார்கள்.

65 டாலர் எங்கே திரும்பி வரும் என்றால், முதலில் பெட்ரோல். எங்கள் பக்கம் வெளியே உள்ள பெட்ரோல் பங்க்கைவிட ஒரு காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) இருபது, முப்பது சென்ட் குறைவாக இருப்பது வழக்கம். மாதம் நாற்பது காலன் போட்டால் பத்து டாலர், ஆறேழு மாதத்தில் கார்டுக் காசு வந்துவிட்டது. வரிசை மட்டும் நீளம், காலையில் போங்கள். அப்புறம் கார் டயர், குழந்தை வந்தால் டயப்பர், பாதாம், முந்திரி, நெய் காய்ச்ச உப்பில்லாத வெண்ணெய், இருபது பவுண்டு பாஸ்மதி. இவற்றில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு லாபம்.

காய்கறியில் அப்படி இல்லை. இரண்டு பேருக்கு ஒரு பவுண்டு பசலைக்கீரைப் பெட்டி வாங்கினால் மூன்றாம் நாள் கூட்டு, ஐந்தாம் நாள் பருப்பில் போடுவீர்கள், ஏழாம் நாள் மூடியைத் திறந்தால் அடியில் கறுப்பாகத் தண்ணீர் நிற்கும். மலிவாக வாங்கிப் பாதியைக் குப்பையில் போட்டால் அது மலிவு இல்லை. பக்கத்து வீட்டில் தமிழ்க் குடும்பம் இருந்தால் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறோம்.

கல்லாவில் நிற்கும்போது எக்சிகியூட்டிவ் கார்டுக்கு மாறச் சொல்லி ஒருவர் வந்து பேசுவார். கூடுதல் 65 டாலர், வாங்குவதில் 2 சதவீதம் திரும்ப வரும். வருஷத்துக்கு 3,250 டாலருக்கு, அதாவது மாதம் 270-க்கு மேல் அங்கே வாங்கினால்தான் கட்டுபடியாகும். பெட்ரோல் அந்தக் கணக்கில் சேராது. இரண்டு பேருக்கு இப்போது வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வாருங்கள். கிரெடிட் கார்டு என்றால் கடையில் விசா மட்டும்தான் எடுப்பார்கள், இல்லாவிட்டால் டெபிட் கார்டு கொண்டுபோங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து வாங்க மட்டும் காஸ்ட்கோ கார்டே தேவையில்லை, பார்மசிக்கு என்று சொன்னால் உள்ளே விடுவார்கள். இன்ஷூரன்ஸ் தொடங்காத இந்த நேரத்தில் அது உங்களுக்கு உதவும்.

அப்புறம், இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் ஆன்லைனில் வாங்கலாமா என்று கேட்டீர்களே, வாங்காதீர்கள். பெரும்பாலும் விலை கூடுதலாகத்தான் இருக்கும். இர்விங்கில் இந்திய மளிகைக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை, அங்கே எந்தக் கார்டும் கேட்க மாட்டார்கள். கார் வரும்வரை ஆபீஸ் நண்பர் யாராவது போகும்போது கூடப் போய், அரிசி, உளுந்து, புளி, எண்ணெய் என்று ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வந்துவிடுங்கள். கறிவேப்பிலை மட்டும் அன்றைக்கு வந்ததா என்று கேட்டு எடுங்கள்.