டாக்டரிடம் போவதும் ஒரு பாடம்தான்: கிருமி பற்றிய கேள்வி பதில்

குழந்தைகள் டாக்டராக இருக்கிறேன். 'பிள்ளைக்குக் கிருமி பற்றி எப்படிச் சொல்வது' என்று வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

ஐந்து வயதுப் பெண்ணின் அம்மா: சேட்டை செய்தால் "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டிப் பழகிவிட்டோம். இப்போது கிளினிக் வாசலிலேயே அழுகிறாள். இவளிடம் கிருமி பற்றி என்ன பேசுவது?

முதலில் அந்த மிரட்டலை நிறுத்துங்கள். ஊசியைத் தண்டனை ஆக்கிவிட்டு, அப்புறம் 'உன் நல்லதுக்குத்தான்' என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? 'வலிக்கவே வலிக்காது' என்றும் சொல்ல வேண்டாம். 'சுருக்குனு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்' என்பது உண்மை, அதுவே போதும். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்துவிடுவேன். ஒரு வாண்டு தன் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள யாரோ கதவைத் தட்டுறாங்க" என்றது. அதன் பிறகு வாயைத் திறந்து தொண்டையைக் காட்ட அதற்குப் பயமே இல்லை. கிருமிப் பேச்சை அந்த நேரத்தில் ஆரம்பியுங்கள்.

ஒரு அப்பா: "பாக்டீரியான்னா கெட்டது" என்று எங்கேயோ கேட்டு வந்த மகன், தயிரில் பாக்டீரியா இருக்கிறது என்று தெரிந்ததும் தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டான்.

இதை வாயால் சொல்லித் திருத்த முடியாது சார், அவன் கையாலேயே உறை ஊற்ற வையுங்கள். காய்ச்சிய பாலை மூன்று டம்ளரில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது கொதிக்கக் கொதிக்க (இதில் மட்டும் நீங்கள் ஊற்றுங்கள்), இரண்டாவது வெதுவெதுப்பாக, மூன்றாவது நன்றாக ஆறி ஃபிரிட்ஜுக்குள். மூன்றிலும் ஒவ்வொரு ஸ்பூன் தயிர். காலையில் நடு டம்ளர் மட்டும் கெட்டியாக உறைந்திருக்கும். கொதிக்கும் பாலில் பாக்டீரியா செத்துவிட்டது, குளிரில் சோம்பிக் கிடக்கிறது, வெதுவெதுப்பில் பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பாக்கிவிட்டது. நாமும் ஏறக்குறைய அந்த வெதுவெதுப்புத்தான். நோய்க்கிருமிக்கு நம் உடம்பு ஏன் பிடித்துப்போகிறது, தண்ணீரை ஏன் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம் என்ற இரண்டுக்கும் அந்த டம்ளர்களிலேயே பதில் இருக்கிறது. இட்லி மாவு பொங்குவதையும் காட்டுங்கள். அதுவும் இதே கூட்டம்தான்.

மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா: சளிக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதவில்லை. மாமியார் டாக்டரையே மாற்றச் சொல்கிறார். பையனோ "எனக்கு மட்டும் ஏன் அந்த மருந்து இல்ல?" என்கிறான்.

டாக்டரை மாற்றாதீர்கள்! சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டும்தான் அடக்கும். பையனிடம் 'கொசுவுக்கு எலிப்பொறி வைத்தால் மாட்டுமா?' என்று கேளுங்கள், சிரித்துவிடுவான். மாமியாருக்கும் இதே உதாரணம் போதும். தொண்டை வலி சில சமயம் பாக்டீரியாவாலும் வரும். சந்தேகம் இருந்தால் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவிப் பரிசோதிப்போம். அப்படி மருந்து எழுதினால், காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்தக் கூடாது. இன்னொன்று: பொடியில் தண்ணீர் கலந்து தரும் சிரப் சில நாள்தான் தாங்கும். மீந்ததை அடுத்த சளிக்கென்று எடுத்து வைக்காதீர்கள். கிளினிக்கில் நான் அதிகம் சண்டை போடுவது இதற்காகத்தான்.

ஒரு டீச்சர்: அழுக்குக் கையால் தொட்ட பிரெட்டைக் கவரில் போட்டு வைத்துக் காட்டினேன். பச்சையாகப் படர்ந்தது பாக்டீரியாதானே?

இல்லை டீச்சர், அது பூஞ்சை. கை கழுவுவதைக் காட்ட இதைவிடச் சுலபமான வழி உண்டு. உள்ளங்கையில் எண்ணெயும் மஞ்சள்தூளும் தடவி, ஒருவரை வெறும் தண்ணீரிலும் இன்னொருவரை சோப்பு போட்டு 20 நொடியும் கழுவச் சொல்லுங்கள். நகக்கண்ணில் மஞ்சள் மிச்சம் இருக்கும் பாருங்கள், அங்கேதான் பிள்ளைகள் கோட்டை விடுவார்கள்.

ஒரு தாத்தா: "நம்ம உடம்புல எத்தனை பாக்டீரியா இருக்கு?" என்று பேத்தி கேட்கிறாள்.

பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது ஐயா. நம் சொந்தச் செல்கள் அதைவிடக் கொஞ்சம் குறைவு, சுமார் 30 லட்சம் கோடி. அந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருக்கின்றன. இதை ஒரு சிறுமியிடம் சொன்னபோது, "அப்ப குளிச்சா எல்லாம் போயிடுமா?" என்று கவலைப்பட்டாள். போகாது என்றதும்தான் நாற்காலியை விட்டு இறங்கினாள்.