பூண்டு சாப்பிட்டால் பிபி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. மளிகைக்கடை வைத்திருக்கிறார். பிபி 150/96 இருக்கிறது, கொலஸ்ட்ராலும் கூடுதல் என்று டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். பூண்டும் ஓட்ஸும் சாப்பிட்டாலே போதும், மாத்திரை வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள். நான் முட்டை, வேர்க்கடலை, தேங்காய் மூன்றையும் நிறுத்திவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் மாத்திரை. டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். பூண்டு நல்லதுதான், ரசத்திலும் குழம்பிலும் தாராளமாகப் போடுங்கள். ஆனால் இந்த அளவு பிபியை அதை மட்டும் நம்பி விடமுடியாது.

நீங்கள் நிறுத்திய மூன்றில் வேர்க்கடலையை உடனே திரும்பக் கொண்டுவாருங்கள். செடியில் விளையும் எதிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. உப்புப் போடாமல் வறுத்தோ அவித்தோ ஒரு கைப்பிடி போதும். முட்டை நாளுக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அவருக்குச் சர்க்கரை இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காயில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் கொழுப்பு அதிகம் என்பதால் அதை மட்டும் அளவோடு வையுங்கள். சட்னிக்குக் கொஞ்சம் அரைக்கலாம், சமையல் மொத்தமும் தேங்காய் எண்ணெயில் வேண்டாம். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போதும். அதுவும் அளவாக. ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் உப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கவலையே அங்கேதான். பிபி உள்ள வீட்டில் முதலில் கை வைக்க வேண்டியது அதில்தான். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் நான்கு பேர் என்றால் மாதத்துக்கு 600 கிராம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் வரவேண்டும். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று இந்த மாதம் பாருங்கள். சோறு வடிக்கும்போது உப்புப் போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்துப்பும் உப்புதான், அதற்கு மாறினால் பிபி குறையாது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். அதுவரை எலுமிச்சையும் மிளகும் கைகொடுக்கும்.

ஓட்ஸ் பிடித்தால் சாப்பிடட்டும், கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கும். பார்லிக் கஞ்சிக்கும் அந்தக் குணம் உண்டு. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பொரியலையும் கீரையையும் பருப்பையும் கூட்டினால் இன்னும் நல்லது. மீன் சாப்பிடுவீர்கள் என்றால் மத்தி, கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள். கடைக்கு முறுக்குக்குப் பதிலாக உப்புக் குறைத்த சுண்டல் கொடுத்தனுப்புங்கள்.

நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு நடை கட்டாயம் வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்கவேண்டும். சேர்ந்தாற்போல நேரம் இல்லையா? சரி, பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கட்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்தவேண்டும்.

இன்னொன்று. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சு வாங்குவது - இவற்றில் எது வந்தாலும் வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அவரே வண்டி ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. பெரும்பாலான நேரம் அவர் இருப்பது கடையில்தான் என்பதால், இதைக் கடைப் பையனிடமும் சொல்லிவையுங்கள்.