மூன்று சக்கர பைக்கில் மறுபடி ஏறலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் எங்கே போனாலும் பைக்தான். குழந்தைகள் பிறந்ததும் காருக்கு மாறினேன். பைக்கைத் தொட்டு 25 வருடம் ஆகிறது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், பழைய ஆசை திரும்பிவிட்டது. ஆனால் இடது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. கனமான வண்டியை நிறுத்தும்போது காலூன்றித் தாங்க முடியுமா என்று பயம். மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் என்றால் விழவே விழாது என்கிறார்கள். உண்மையா? எந்த வகை எனக்குச் சரிவரும்? பைக் ஓட்டத் தெரியும் என்பதால் தனியாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையே? மனைவியும் பின்னால் உட்கார்ந்து வர ஆசைப்படுகிறார். மகன்தான் "இந்த வயசுல எதுக்குப்பா?" என்கிறான்.

பதில்: தாராளமாக ஓட்டலாம். சரியான வகையை எடுத்தால், நின்றதும் தானாக நிற்கும் வண்டி என்பதால் உங்கள் முழங்காலுக்கு இது நல்ல வழிதான். சிக்கல் இருப்பது "கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையே" என்ற இடத்தில். இரு சக்கரத்தில் நன்றாகப் பழகிய கை, வளைவில் சாயாத மூன்று சக்கர வண்டியில் ஏறியதும் பைக்கே ஓட்டாதவரைவிட மோசமாகத் தடுமாறும். பயிற்சித் திடலில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. புதிதாக வருபவர் மெதுவாகத் திருப்பி, சரியாகப் போய்விடுவார். பழைய பைக்காரர் வலது பக்கம் திரும்பப் பார்த்து, வண்டி இடது பக்கம் போக, திகைத்துப்போய் பிரேக்கைத் தேடுவார்.

காரணம் இதுதான். பைக் மணிக்கு 20, 25 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால், வலது பக்கம் திரும்ப நாம் வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறோம். முன்சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் திரும்பும், வண்டி வலது பக்கம் சாயும், அந்தச் சாய்வில்தான் வளைவு அமையும். இப்படிச் செய்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. கை தானாகச் செய்துவிடும். சாயாத வண்டியில் அதே வலது கைப்பிடியைத் தள்ளினால் சக்கரம் இடது பக்கம் திரும்பும், வண்டியும் இடது பக்கமே போகும். அங்கே வலது கையை உங்களை நோக்கி இழுத்து, இடது கையால் தள்ள வேண்டும். கேட்கும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நிதானமாகப் போகும்போது ஒன்றும் ஆகாது. திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்தால் கை பழைய வழக்கத்துக்குத்தான் போகும். அந்த வழக்கத்தை மாற்றும் வரை சாலைக்குப் போக வேண்டாம்.

அடுத்தது உடம்பு. பைக்கில் வளைவின்போது நம் எடை இருக்கையை நோக்கித்தான் அழுந்தும். சாயாத வண்டியில் வளைவுக்கு வெளிப்பக்கமாக உடம்பைத் தள்ளும். அந்த நேரத்தில் விழுந்துவிடுவோமோ என்று கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துத் தொங்கினால், அந்த இழுப்பே வண்டியைத் தப்பான பக்கம் திருப்பும். வெளிப்பக்கத் தொடையால் டேங்கை அழுத்துங்கள், வெளிப்பக்கக் காலை ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றுங்கள், உள்பக்கத் தோளை முன்னால் இறக்கி உடம்பை வளைவுக்குள் சாயுங்கள். கைகள் திருப்புவதற்கு மட்டும். முதல் நாள் பயிற்சி முடிந்ததும் பலருக்கும் தோள்பட்டையில்தான் வலி எடுக்கும். வண்டியைக் காலால் பற்றாமல் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டியதற்கு அது அடையாளம்.

இனி, விழாதா என்ற கேள்வி. சாயாத வகை நின்ற இடத்தில் விழாது. வேகமாக வளைத்தால் கவிழும். முக்காலியின் மூலையில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு கால்களுக்கு நடுவே விளிம்பில் உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடும் அல்லவா? மூன்று சக்கரத்துக்கும் அதே கணக்கு. ஒற்றைச் சக்கரத்தையும் வெளிப்பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் கோடுதான் விளிம்பு. எடை அந்தக் கோட்டைத் தாண்டினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எனவே ஒற்றைச் சக்கரம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பது முக்கியம்.

முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்பது பழைய அமைப்பு. ஹார்லி டேவிட்சன் 1932 முதல் 1973 வரை தயாரித்த சர்வி-கார் இந்த வகைதான். அந்த நிறுவனம் பின்னர் கொண்டுவந்த ட்ரை கிளைடும், பெரிய பைக்குகளின் பின்புறத்தைக் கழற்றிவிட்டு இரட்டைச் சக்கரம் மாட்டும் கிட்டுகளும் இதே அமைப்புதான். வளைவின் நடுவே பிரேக் பிடித்தால் எடை முன்னால் போகும். அங்கே இருப்பது ஒற்றைச் சக்கரம். அவசரத்தில் நாம் செய்வதே பிரேக் பிடிப்பதுதான் என்பதால், இந்த அமைப்பு வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கும் பழக்கத்தைக் கட்டாயம் கேட்கும். ட்ரை கிளைட் அரை டன்னுக்கும் மேல் எடை உள்ள வண்டி. தப்பு செய்தால் காலால் தாங்கிவிடலாம் என்ற நினைப்பே கூடாது.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது 2007-இல் வந்த கேன்-ஆம் ஸ்பைடர், பிறகு வந்த ரைக்கர் போன்றவற்றின் அமைப்பு. பிரேக் பிடிக்கும்போது எடை அகலமான பக்கத்துக்குப் போவதால் வண்டி உறுதியாக நிற்கும். உள்பக்கச் சக்கரம் எழும்பத் தொடங்கினால், எலக்ட்ரானிக் கட்டுப்பாடு தானே எஞ்சினைத் தணித்து, தேவையான சக்கரத்துக்குப் பிரேக் கொடுக்கும். இதில் பழைய பைக்காரர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு: கையில் பிரேக் லீவரே கிடையாது. வலது காலில் ஒரே பெடல், அது மூன்று சக்கரத்துக்கும். வலது கைவிரல்கள் இல்லாத லீவரைத் தேடி காற்றில் மடங்குவதை முதல் நாளில் எல்லோரிடமும் பார்க்கலாம். கால் பெடலைத் தேடிப் போகப் பழகும்வரை இரண்டு, மூன்று வகுப்பு ஆகும்.

மூன்றாவது வகை வேறு. பியாஜியோ எம்பி3 (2006), யமஹா ட்ரிசிட்டி (2014), யமஹா நிகென் (2018) ஆகியவற்றின் முன்சக்கரங்கள் இரண்டும் வண்டியோடு சேர்ந்து சாயும். ஓட்டுவது பைக் ஓட்டுவது போலத்தான். உங்கள் பழைய கை இங்கே அப்படியே உதவும். ஈரச் சாலையில் முன்டயர் வழுக்கும் பயமும் வெகுவாகக் குறையும். ஆனால் சாயும் வண்டி நின்றதும் சாயத்தான் பார்க்கும். எம்பி3-இல் சாய்வைப் பூட்டும் வசதி உண்டு. நிற்கும் நேரத்தில் பொத்தானை அழுத்தினால் வண்டி நேராக நிற்கும். நிகெனில் அது கிடையாது, 260 கிலோவுக்கும் மேல் எடை, காலூன்றித்தான் ஆக வேண்டும். மூன்று சக்கரம் என்ற பெயரை மட்டும் பார்த்து நிகெனை வாங்கிவிட்டு, முதல் சிக்னலிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

உங்கள் முழங்காலை வைத்துப் பார்த்தால் என் தேர்வு முன்னால் இரண்டு சக்கரமுள்ள, சாயாத வகை. கிளட்ச் பிடிக்கவோ இடது காலால் கியர் மாற்றவோ தேவையில்லாத மாடல்கள் இதில் கிடைக்கின்றன. ரைக்கரின் இருக்கை உயரம் ஏறத்தாழ 60 செ.மீ.தான், காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது சுலபம். ஆனால் வாங்கும் முன் கடையில் ஏறி இறங்கிப் பாருங்கள். ஒரு முறை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்ப. ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் முனகும்.

பைக் பழக்கத்தில் விட வேண்டிய இன்னொன்று, நிற்கும்போது காலைக் கீழே வைப்பது. சாயாத வண்டியில் அதற்குத் தேவையே இல்லை, ஆபத்தும்கூட. பின்னால் இரட்டைச் சக்கரமுள்ள வகையில், கால் கீழே இருக்கும்போது வண்டி நகர்ந்தால் பின்சக்கரம் கணுக்காலின் மேலேயே ஏறிவிடும். சிக்னலில் நிற்கும்போதும் கால் ஃபுட்ரெஸ்ட்டிலேயே இருக்கட்டும். அப்புறம் பார்க்கிங் பிரேக். சாய்வான இடத்தில் அதைப் போடாமல் இறங்கினால் வண்டி உருளும், அதைப் பிடித்து நிறுத்தக் கைக்குத் தெம்பு போதாது.

சாலையிலும் பார்வை மாற வேண்டும். பைக்கில் ஒரு பள்ளத்தைச் சுற்றிப் போக ஒரு கோடு போதும்; இங்கே மூன்று கோடுகள். முன்சக்கரங்கள் இரண்டும் பள்ளத்துக்கு இரு பக்கமும் தப்பிவிட்டாலும், நடுவில் வரும் பின்சக்கரம் நேராக அதில் இறங்கும். அகலமும் ஒன்றரை மீட்டரை ஒட்டியே இருக்கும். நெரிசலில் வண்டிகளுக்கு இடையே நுழையும் பழைய வித்தை இனி நடக்காது. மழையில் தேங்கிய நீரில் அகலமான, மேலே எடை குறைவாக அழுத்தும் முன்டயர்கள் தண்ணீர் மேல் மிதக்கப் பார்க்கும், வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். டயர் காற்றைக் கையேட்டைப் பார்த்தே நிரப்புங்கள். கார் கணக்கில் நிரப்பிவிட்டு, வண்டி அலைகிறது என்று வருபவர்கள் ஏராளம்.

25 வருடத்துக்கு முன் ஓட்டியவர் என்பதால் பிரேக் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து பைக்குகளில் பெரும்பாலும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க விட்டு விட்டுப் பிடிக்கப் பழகியிருப்பீர்கள். இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் நிறுத்தும் தூரம் நீளும். அவசரத்தில் பெடலை அழுத்தி, அழுத்தியபடியே வைத்திருங்கள். காலுக்கடியில் தடதடவென்று அதிரும். பயந்து காலை எடுக்க வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது.

வயதைப் பற்றி மகன் கேட்பதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகிறது. சுதாரிக்க அரை விநாடி கூடுதலாக எடுத்தால், பிரேக் தொடும் முன்பே 8 மீட்டர் கூடிவிடும். அதனால் முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளியை இளமையில் விட்டதைவிட அதிகமாக்குங்கள். கண்பாவை இருட்டில் முன்போல் விரியாது, லென்ஸும் மங்கத் தொடங்கியிருக்கும். கண் மருத்துவரிடம் காட்டும்போது "பார்வை சரியாக இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். எதிரே வரும் விளக்கொளியில் கண் கூசுகிறதா, கண்புரை தொடங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில மாதம் இரவில் ஓட்டவே வேண்டாம். கழுத்தையும் சோதியுங்கள்: நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இடுப்பைத் திருப்பாமல் தோளுக்குப் பின்னால் பாருங்கள். பின்சுவரின் மூலை தெரியவில்லையென்றால் கண்ணாடியை மட்டும் நம்பி ஓட்டப்போகிறீர்கள் என்று பொருள், அது போதாது. தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எதுவாக இருந்தாலும் வண்டி ஓட்டப்போவதாக மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய ஹெல்மெட் அலமாரியில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வதுதான் வழக்கம். உள்ளே இருக்கும் நுரை காலப்போக்கில் பலமிழக்கும்.

பயிற்சிக்கு ஆளில்லாத, சமதளமான திடல் போதும். முதலில் நேர்கோட்டில் போய் நிறுத்துவது, வேகத்தைக் கூட்டிக் கூட்டி. பிறகு பெரிய வட்டம், வலமும் இடமும், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் தொடங்கி, உள்பக்கச் சக்கரம் லேசாவதை இருக்கையில் உணரும் வரை போய், அங்கிருந்து பின்வாங்குங்கள். அந்த உணர்வைத் தெரிந்துகொண்டவர் சாலையில் அந்த எல்லைக்குப் போக மாட்டார். அப்புறம் எட்டு போடுவது, கடைசியில் யாராவது கையைக் காட்டியதும் அந்தப் பக்கம் சட்டென்று விலகுவது. பழைய கை தலைகாட்டுகிறதா என்று கண்டுபிடிக்க இந்தக் கடைசிப் பயிற்சிதான் நல்ல சோதனை. மூன்று சக்கர வண்டிக்கென்றே பாடம் நடத்தும் பயிற்சிப் பள்ளி கிடைத்தால் அங்கே சேர்ந்துவிடுங்கள். உரிம விதி இடத்துக்கு இடம் மாறும்: சில இடங்களில் கார் உரிமம் போதும், சில இடங்களில் பைக் உரிமமோ தனித் தேர்வோ தேவை. வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள், காப்பீட்டுக்காரர்களும் கேட்பார்கள். திடலுக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கை காட்டுகிற வேலையை அவரிடமே கொடுக்கலாம்.

மனைவியை ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் திடீர் விலகல் உங்களுக்குக் கைவந்த பிறகு. முன்னால் இரட்டைச் சக்கர வகையில் பின்னால் இருப்பவரின் எடை ஒற்றைச் சக்கரத்தின் மேல் விழும், அகலமான முன்பக்கம் லேசாகும். அதனால் தனியாகப் போகும்போது எடுத்த வளைவை அதே வேகத்தில் எடுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் பின்னால் இரட்டைச் சக்கர வகைக்குத்தான் சாதகம். இருவராகவே எப்போதும் போவீர்கள் என்றால் அதையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதுகு சாய்ப்பும் பக்கப் பிடியும் உள்ள இருக்கையாக இருக்கட்டும். பைக்கில் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு பழகியவர் என்றால், இங்கே பக்கப் பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். தோளை இழுத்தால் உங்கள் கை வழியாகத் திசையும் மாறிவிடும்.